தாதியின் கடைசிக் கடமை: ஓட்டமாவடி வரை ஒரு வரலாறு

கொவிட் காலத்து ஜனாஸா எரிப்பைப் பற்றி நம் நாட்டில் எழுதாத பத்திரிகை இல்லை. அரசியல்வாதிகள் பேசினார்கள், சட்டத்தரணிகள் வாதாடினார்கள், உலமாக்கள் அறிக்கை விட்டார்கள், வைத்திய நிபுணர்கள் இரு அணிகளாகப் பிரிந்து நின்றார்கள். அந்த நாட்களின் பத்திரிகை நறுக்குகளை அண்மையில் மீண்டும் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒரு தரப்பினரின் குரலை மட்டும் என்னால் காண முடியவில்லை. மரணித்தவரின் உடலில் கடைசியாகக் கை வைத்தவர்கள் அவர்கள்தாம். வார்டில் கடமையில் இருந்த தாதியர்.

தாதிமை என்றால் ஊசி ஏற்றுவது, குளிசை கொடுப்பது, காய்ச்சல் பார்ப்பது என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். தாதியர் பயிற்சியின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று, நோயாளி இறந்த பின்னர் அவருக்குச் செய்ய வேண்டியவற்றைப் பற்றியது என்பது வெளியில் அதிகம் தெரியாத விடயம். ஆங்கிலேயத் தாதியர் அதை 'லாஸ்ட் ஒஃபிசஸ்' என்று அழைத்தனர். கடமை, சேவை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த தொடர் அது. தமிழில் இறுதிப் பணிவிடை என்று சொல்லலாம். அந்தப் பாடம் எவ்வழியாக நம் கரைக்கு வந்தது, 2020 இல் அதற்கு என்ன நேர்ந்தது, அதன் முடிவுப் பகுதி ஏன் எங்கள் ஓட்டமாவடி மண்ணில் எழுதப்பட்டது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நோயாளியின் அருகிருந்து பணி செய்பவருக்கு நம் மரபில் இடமிருந்தது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயாளி, வைத்தியன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக நிற்பவர் உடனிருந்து பணிவிடை செய்பவர். சரக சம்ஹிதையும் இதே நான்கைத்தான் சொல்கிறது. பெயரில்தான் கடலின் இரு கரைகளும் பிரிந்தன. தமிழ்நாட்டார் சங்க இலக்கியத்தின் வளர்ப்புத் தாயான செவிலியை எடுத்துச் 'செவிலியர்' என்றனர். நாம் பாலூட்டும் தாயைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்த 'தாதி'யை எடுத்துக்கொண்டோம். பணிப்பெண் என்ற பொருளும் அச்சொல்லுக்கு இருப்பதால் தமிழ்நாட்டு நண்பர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. இரண்டுமே தாய்க்கு அடுத்த இடத்தில் நிற்கும் பெண்ணைக் குறிக்கும் சொற்கள் என்பதால் எனக்கு இதில் குறையேதும் தெரியவில்லை. எப்படியும் வார்டில் நோயாளர் கூப்பிடுவது 'மிஸ்' என்றுதான்!

நவீன தாதிமையின் கதை எல்லோரும் அறிந்ததே. கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், புளோரன்ஸ் நைட்டிங்கேல் ஸ்குட்டாரியின் இராணுவ மருத்துவமனைக்குப் போனார். காயத்தால் இறந்தவர்களை விடத் தொற்றுநோயால் இறந்த படையினரே அதிகம் என்பதைப் புள்ளிவிபரங்களால் நிறுவினார். 1860 இல் லண்டன் சென்ட் தோமஸ் மருத்துவமனையில் அவருடைய பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கைவிளக்கேந்திய காரிகை என்ற படம் நம் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. அவர் கணக்கெழுதிய பெண் என்பது மறைந்துவிட்டது. தாதி எழுதும் குறிப்பு உயிரையும் காக்கும், உண்மையையும் காக்கும் என்பதற்கு அவரே முதற் சாட்சி. பின்னால் வரும் ஒரு விடயத்துக்காக இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த முன்னோடி யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் வந்தவர். பிரசவ மருத்துவ நூலை 1857 இல் தமிழில் வெளியிட்டார். உடற்கூற்றியல், இரண வைத்தியம், இரசாயனம் என்று தொடர்ந்து மொழிபெயர்த்தார். தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். ஆனால் அவருடைய மாணவர்கள் ஆண்கள். பெண்கள் நோயாளர் பராமரிப்புக்குள் வருவதற்கு 1898 இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் மருத்துவமனை திறக்கப்படும் வரை வடக்கு காத்திருந்தது. கொழும்பில் அதற்கு முன்னரே, 1886 இல், பிரான்சிஸ்கன் மரியாளின் மறைபரப்பு சபைக் கன்னியாஸ்திரிகள் பொது வைத்தியசாலையில் தாதிமைப் பணியை ஏற்றிருந்தனர். 1939 இல்தான் கொழும்பில் முறையான தாதியர் பயிற்சிக் கல்லூரி அமைந்தது. இன்று மட்டக்களப்பிலேயே பயிற்சிக் கல்லூரி இருக்கிறது; கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் தாதியப் பட்டமும் பெறலாம்.

கன்னியாஸ்திரிகளை நான் விசேடமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இறுதிப் பணிவிடையைச் சடங்குக்குரிய மரியாதையோடு வார்டுக்குள் கொண்டு வந்தவர்கள் இத்தகைய துறவியர்தாம். பின்வந்த பயிற்சிக் கல்லூரிகள் அதன் மதச் சாயலை நீக்கி, ஒழுங்கை மட்டும் பாடமாக்கிக்கொண்டன.

அந்த ஒழுங்கு என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்னர் ஓய்வுபெற்ற வார்ட் சிஸ்டர் ஒருவர் எனக்கு இதை விபரித்தார். கிழக்கில் நீண்ட காலம் கடமையாற்றிய தமிழ்ப் பெண்மணி அவர். பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

வைத்தியர் மரணத்தை உறுதிப்படுத்தியதும் முதலில் நேரம் டிக்கெட்டில் எழுதப்படும். கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்படும். உடல் விறைக்கத் தொடங்குவதற்குச் சில மணி நேரமே இருப்பதால் வேலை தாமதிக்கக் கூடாது. உடலை நேராகக் கிடத்தி, தலைக்குக் கீழே ஒரு தலையணை மட்டும் வைப்பார்கள். இமைகளை மென்மையாக மூடிச் சற்று நேரம் விரல்களால் பிடித்திருப்பார்கள். பொய்ப்பல் இருந்தால் மாட்டிவிடுவார்கள்; பிறகு மாட்ட முடியாது, முகம் ஒடுங்கிப் பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியாமல் போய்விடும். தாடையின் கீழே துவாயைச் சுருட்டி வைப்பார்கள். கை கால்களை நீட்டி விடுவார்கள். குழாய்களை அகற்றிக் காயங்களுக்குப் புதிய கட்டுப் போடுவார்கள். திடீர் மரணமோ விபத்தோ என்றால் மட்டும் குழாய்களைத் தொடக் கூடாது. மரண விசாரணை அதிகாரியும் சட்ட வைத்திய அதிகாரியும் பார்க்க வேண்டும். நகைகளை இன்னொரு தாதி சாட்சியாக நிற்க எண்ணி எழுதுவார்கள். பிறகு உடலைத் துடைப்பார்கள். கடைசியாகப் பெயர்ச்சீட்டு கட்டி, வெள்ளைத் துணியால் சுற்றுவார்கள்.

“துடைக்கும்போது நாங்கள் கதைப்போம் தம்பி” என்றார் அந்த அம்மையார். “ஐயா, இப்ப கையைத் தூக்கப் போறன். அம்மா, கொஞ்சம் திருப்பப் போறன். உயிரோட இருக்கேக்க எப்படிச் சொல்லுவமோ அப்படித்தான். சிரிப்பு வரும் உங்களுக்கு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது பொதுவான ஒழுங்கு. கிழக்கு மாகாணத்தில் இதற்கு மேல் இன்னொரு பாடமும் தேவைப்பட்டது. வாவிக் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே வாருங்கள். கல்முனை, மருதமுனை, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, ஓட்டமாவடி. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கிடக்கின்றன. ஊர்கள் வேறு, ஆஸ்பத்திரி ஒன்று. வாழைச்சேனை ஆஸ்பத்திரியின் ஒரே வார்டில் காகித ஆலைத் தொழிலாளியும், கல்குடா மீனவரும், எங்கள் ஊர் வியாபாரியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் மரணத்தின் முறை வேறு.

முஸ்லிம் நோயாளியின் இறுதி வேளையில் முகத்தைக் கிப்லாவின் பக்கம் திருப்ப வேண்டும். நம் நாட்டுக்கு அது ஏறத்தாழ மேற்கு. கலிமா சொல்லிக் கொடுக்க ஒருவர் அருகில் வேண்டும். மரணித்த பின் குளிப்பாட்டுவது குடும்பத்தினதும் ஊராரினதும் கடமை. தாதி அதைச் செய்யத் தேவையில்லை, செய்யாமலிருப்பதே நல்லது. பெண்ணின் உடலைப் பெண்ணே கையாள வேண்டும். நகமோ முடியோ வெட்டக் கூடாது. உடலை இயன்றளவு விரைவாகக் கையளிக்க வேண்டும். இந்து நோயாளியென்றால் வாயில் துளசித் தீர்த்தம் விட உறவினர் விரும்புவர். தாலியைக் கேட்காமல் கழற்றக் கூடாது. கத்தோலிக்கருக்கு உயிர் இருக்கும்போதே குருவானவர் வந்தாக வேண்டும். பிந்தினால் குடும்பம் மன்னிக்காது. பௌத்தருக்குப் பிரித் ஓத வேண்டும். இவை எல்லாம் அந்தக் காலத்தில் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டவை அல்ல. மூத்த தாதி இளைய தாதிக்கு இரவுக் கடமையில் சொல்லிக் கொடுத்தவை.

அமெரிக்கத் தாதியான வேர்ஜினியா ஹெண்டர்சன் இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். சர்வதேச தாதியர் பேரவை 1960 இல் அவருடைய சிறு நூலொன்றை வெளியிட்டது. ஒருவர் தமக்குப் போதிய பலமும் மனவுறுதியும் அறிவும் இருந்தால் தாமே செய்துகொள்ளக் கூடியவற்றை, அவற்றை இழந்த நிலையில் அவருக்காகச் செய்து கொடுப்பதே தாதிமை என்பது அவருடைய வரைவிலக்கணத்தின் சாரம். குணமடைவதற்கு மட்டுமன்றி அமைதியாக மரணிப்பதற்கும் உதவுவதை அவர் அதற்குள்ளேயே சேர்த்தார். மூச்சு விடுதல், உண்ணுதல், உறங்குதல் என்று அவர் வகுத்த 14 அடிப்படைத் தேவைகளுள் தன் நம்பிக்கைப்படி வழிபடுதலும் ஒன்று. உலகெங்கும் தாதிய மாணவர்கள் இன்றும் படிக்கின்ற பட்டியல் இது. தன் மதப்படி அடக்கப்பட வேண்டும் என்ற ஒருவரின் விருப்பம், உயிர் போன பிறகு அவரால் நிறைவேற்ற முடியாத விருப்பம், இந்த வரைவிலக்கணத்துக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது என்றே நான் கருதுகிறேன்.

முஸ்லிம்களுக்கு இது அந்நியமான துறையும் அல்ல. நபிகளார் காலத்தில் மதீனாப் பள்ளிவாசலருகே கூடாரமடித்துக் காயப்பட்டோரைப் பராமரித்த ருபைதா அல் அஸ்லமிய்யாவை வரலாறு அறியும். அகழ்ப் போரில், கி.பி. 627 இல், காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் அவருடைய கூடாரத்திலேயே பராமரிக்கப்பட்டார். அப்படியிருந்தும் என் இளமைக் காலத்தில் எங்கள் பகுதிகளில் பெண்பிள்ளையைத் தாதியாக அனுப்ப வாப்பாமார் தயங்கினார்கள். இரவுக் கடமை, சட்டை, ஆண் நோயாளி என்று காரணங்கள். எங்கள் உம்மாமாருக்குக் கண் மூடியவர்களில் பலர் பிற சமூகத்துத் தாதியர் என்பதை நாம் நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று நிலைமை வெகுவாக மாறியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

போர்க்காலத்தைப் பற்றி ஒரு பந்தியில் சொல்லிவிட முடியாது, சொல்லவும் போவதில்லை. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டனர். அடுத்த வாரம் ஏறாவூர். இரு சமூகங்களும் ஒன்றையொன்று அஞ்சிய நாட்களிலும் வார்டில் திரை இழுக்கப்பட்டது, இமைகள் மூடப்பட்டன, சீட்டுக் கட்டப்பட்டது.

சீட்டு என்றதும் சுனாமி நினைவுக்கு வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஒரு கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. பெற்றோர் யாரென்று தெரியவில்லை. அன்று அனுமதிக்கப்பட்ட 81 ஆவது நோயாளி என்பதால் அந்த இலக்கமே பெயராயிற்று. 'பேபி 81' என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஒன்பது தாய்மார் உரிமை கோரியதாகச் செய்தி பரவியது. உண்மையில் முறைப்படி உரிமை கோரியது ஒரேயொரு தம்பதியினர்தான் என்பது பின்னர் தெரிய வந்தது. நல்ல கதைக்கு முன்னால் வெளிநாட்டு நிருபர்களுக்கும் கணக்குத் தடுமாறும் போலிருக்கிறது! நீதிமன்ற உத்தரவுப்படி மரபணுச் சோதனை நடந்து, 2005 பெப்ரவரியில் குழந்தை அந்தத் தம்பதியினரிடமே சேர்ந்தது. பெருந்திரளுக்குள் எவரையும் தொலைந்துபோக விடாமல் இலக்கமிட்டுப் பதியும் தாதிமையின் முதற்பாடம் அன்று அங்கே வேலை செய்தது.

இறந்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இலங்கையில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த நாட்களில், சடலங்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்தில் எண்ணற்ற உடல்கள் அடையாளம் காணப்படாமலே அவசர அவசரமாகக் குழிகளில் இடப்பட்டன. 2006 இல் உலக சுகாதார அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கமும் பிற அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட கைந்நூல், அனர்த்தத்தில் இறந்தவர்களின் உடல்கள் கொள்ளைநோயைப் பரப்புவதில்லை என்று தெளிவாகச் சொன்னது. ஒவ்வொரு உடலுக்கும் இலக்கமிட்டுப் படமெடுத்துப் பதிவு செய்யுங்கள் என்றது. நம் கரையில் கற்ற பாடமும் அந்தக் கைந்நூலில் இருக்கிறது. நாமே அதை மறந்துவிட்டோம் என்பதுதான் விந்தை.

2014 இல் மேற்காபிரிக்காவில் எபோலா பரவியபோது நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். எபோலா வேறு விதம். அதில் இறந்தவரின் உடல் உண்மையாகவே ஆபத்தானது. லைபீரிய அரசு தலைநகர் மொன்ரோவியாவில் உடல்களைக் கட்டாயமாக எரிக்க உத்தரவிட்டது. விளைவு என்ன? மக்கள் நோயாளரை மறைத்தார்கள். இறந்தவரை இரவில் புதைத்தார்கள். நோய் மேலும் பரவ வழி பிறந்தது. அந்த வருடம் நவம்பரில் உலக சுகாதார அமைப்பு மதத் தலைவர்களோடு கலந்தாலோசித்துப் புதிய நடைமுறையைக் கொண்டு வந்தது. பாதுகாப்பானதும் கண்ணியமானதுமான அடக்கம் என்பது அதன் பெயர். முஸ்லிம்களுக்குத் தண்ணீரால் குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும் செய்யவும், கபனிடவும் அதில் வழி இருந்தது. வருட முடிவில் லைபீரியாவும் கட்டாய எரிப்பைக் கைவிட்டு, அடக்கத்துக்குக் காணி ஒதுக்கியது. உடலே தொற்றும் நோய்க்குக்கூட வழி கண்டுபிடிக்கப்பட்டது என்பதுதான் இதில் முக்கியம்.

இனி நம் கதை. 2020 மார்ச் 24 இல் உலக சுகாதார அமைப்பு கொவிட்டால் இறந்தோர் பற்றிய வழிகாட்டலை வெளியிட்டது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம். தொற்றுநோயால் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்று அது கூறியது. நம் சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலும் இரண்டையும் அனுமதித்திருந்தது. மார்ச் இறுதியில் அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி, 800 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் எரிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

வார்டுக்குள் இது என்னவாக வந்து சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். உடலைக் கழுவக் கூடாது. துணி மாற்றக் கூடாது. உறவினர் தொடக் கூடாது. உறையிலிட்டு மூட வேண்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுக்காக இவற்றில் ஒரு பகுதி அவசியமே; அதை எந்தத் தாதியும் மறுக்கமாட்டார். தம் உயிரைப் பணயம் வைத்துப் பாதுகாப்பு அங்கிக்குள் வியர்வையில் நனைந்து நின்றவர்கள் அவர்கள். ஆனால் உறை மூடப்பட்ட பின் அது மண்ணுக்குப் போகிறதா, நெருப்புக்குப் போகிறதா என்பதில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குச் சம்பந்தம் எதுவும் இருக்கவில்லை.

அக்காலத்தில் வேறொரு மாவட்டத்தில் கொவிட் வார்டில் கடமையாற்றிய தாதி ஒருவர் என்னிடம் பேசினார். சிங்களப் பெண், நன்றாகத் தமிழ் பேசுவார். மரணத் தறுவாயில் இருந்த முஸ்லிம் முதியவர் ஒருவரின் காதருகே தன் கைத்தொலைபேசியைப் பிடித்திருந்தாராம். மறுமுனையில் மகள் கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கும் புலன்தான் கடைசியில் அணையும் என்று பயிற்சிக் காலத்தில் படித்ததை நம்பி, மகள் ஓதி முடிக்கும் வரை பிடித்திருந்ததாகச் சொன்னார். “அதன் பிறகு மகள் கேட்டாள், வாப்பாவை அடக்கத் தருவீர்களா என்று. நான் என்ன சொல்ல? போனை வைத்துவிட்டேன்” என்றார். தொழில் கற்பித்த எல்லாவற்றையும் செய்து முடித்தவருக்கு, கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருக்க உரிமை இல்லை.

2020 டிசம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாட்களேயான குழந்தையொன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். அவை கபன் துணியின் அடையாளம். முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லா மதத்தவரும் கட்டினார்கள். 2021 ஜனவரி தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கம் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று பகிரங்கமாகக் கூறியது. அரசு அசையவில்லை. பெப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போனதை அடுத்தே வர்த்தமானி திருத்தப்பட்டது. விஞ்ஞானம் சாதிக்காததை விருந்தாளி சாதித்தார் என்று அப்போது சக பத்திரிகையாளர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது.

முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு. போரால் பெயர்ந்து, 2018 இல்தான் தம் மண்ணுக்குத் திரும்பியிருந்த அந்தக் கத்தோலிக்க மீனவ மக்களிடம் எவரும் கேட்கவில்லை. அவர்கள் எதிர்த்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அதன் பிறகே எங்கள் பிரதேசத்தின் சூடுபத்தினசேனை, மஜ்மா நகர் காணி முன்வந்தது. 2021 மார்ச் 5 ஆம் திகதி முதல் உடல்கள் அங்கே அடக்கப்பட்டன.

அது ஆற்றங்கரையோ நகர மையமோ அல்ல; உள்ளே தள்ளிக் கிடக்கும் வரண்ட நிலம். நாடெங்கிலும் உள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து பெட்டிகள் வந்தன. கொழும்பிலிருந்து வந்தவை ஏறத்தாழ 300 கிலோமீற்றர் கடந்து வந்தன. குடும்பத்தில் ஓரிருவருக்கே அனுமதி. இராணுவத்தினர் பெட்டியை இறக்கினர். பிரதேச சபை ஊழியரும் ஊர் இளைஞர்களும் குழி வெட்டினர், மண் தள்ளினர். வெயிலிலும் மழையிலும் நோன்பிலும் வெட்டினர். ஜனாஸாத் தொழுகை தூரத்தில் நின்று நடந்தது.

ஒரு வருடம் கழித்து, 2022 மார்ச் 5 இல், எந்த மயானத்திலும் அடக்கலாம் என்று கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதற்குள் மஜ்மா நகரில் அடக்கப்பட்டவர்கள் 3,634 பேர். முஸ்லிம்கள் 2,992 பேர். இந்துக்கள் 287 பேர். பௌத்தர்கள் 270 பேர். கிறிஸ்தவர்கள் 85 பேர். பிற மதத்தவர் மட்டும் 642 பேர் என்பதை மீண்டும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அடக்கத்துக்கான போராட்டத்தை முஸ்லிம்களின் தனிப் பிரச்சினையாகச் சித்தரித்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவர்களில் மட்டுமன்றி இந்துக்களிலும் பௌத்தர்களிலும் மண்ணில் அடக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

இந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது? யார், எந்த மதம், எந்த ஆஸ்பத்திரி, எந்தக் குழி என்று இன்று சொல்ல முடிகிறதென்றால், ஒவ்வொரு பெட்டியோடும் எழுத்து வந்ததனால்தான். அந்த எழுத்தின் முதல் வரி எங்கோ ஒரு வார்டில், உறை மூடப்படுவதற்கு முன்னர், கட்டப்பட்ட சீட்டில் இருக்கிறது. கழுவவும் துடைக்கவும் தடுக்கப்பட்ட தாதியருக்கு, இறுதிப் பணிவிடையில் மிஞ்சிய வேலை அது ஒன்றுதான். அதை அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். சுனாமிக் குழிகளுக்கும் மஜ்மா நகருக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சீட்டுத்தான்.

எரிக்கப்பட்டவர்களின் கதைக்கு அந்த ஆறுதலும் இல்லை. 276 முஸ்லிம்கள் எரிக்கப்பட்டதாக உத்தியோகபூர்வமாகக் கூறப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நீர்நிலைகளில் நடத்தப்பட்ட ஆய்வில் வைரஸ் காணப்படவில்லை என்பதை அந்தக் குறிப்பே ஒப்புக்கொண்டது. மன்னிப்பு முஸ்லிம் சமூகத்திடம் மட்டுமன்றிப் பாதிக்கப்பட்ட ஏனைய சமூகத்தாரிடமும் கோரப்படும் என்றார்கள். எரிக்கக் கையளிக்குமாறு பணிக்கப்பட்ட தாதியரைப் பற்றி அதில் நான் எதையும் படிக்கவில்லை.

நோயாளியின் மதத்தையும் வழக்கத்தையும் மதிக்க வேண்டும் என்று சர்வதேச தாதியர் பேரவையின் ஒழுக்கக் கோவை 1953 இலிருந்து சொல்லி வருகிறது. நோயாளியின் நலனுக்கு முரணான உத்தரவு வந்தால் தாதி வாய்திறக்கலாம் என்பதும் இன்றைய பாடத்தில் இருக்கிறது. ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் வைத்தியருக்கு முன்னால் தாதி பேசும் வழக்கம் எவ்வளவு, அமைச்சுக்கு முன்னால் பேசும் வழக்கம் எவ்வளவு என்பதை வாசகர்களே அறிவீர்கள். சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் வலிமையாகப் போராடத் தெரிந்த தொழிற்சங்கங்கள் இங்கு உண்டு. அது அவர்களின் உரிமை. உடலைக் கையாள்வதில் நூறு வருடங்களுக்கு மேற்பட்ட அனுபவம் கொண்ட ஒரு தொழிலாக அவர்களுக்குச் சொல்வதற்கு ஏதோ இருந்திருக்கும். நிபுணர் குழுக்களின் மேசையில் ஒரு மூத்த வார்ட் சிஸ்டரை உட்கார வைத்துக் கேட்டிருந்தால், உறையின் உள்ளே என்ன நடக்கிறது, வெளியே என்ன தேவை என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

மஜ்மா நகருக்கு இப்போதும் தூர இடங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. பெருநாளை அடுத்த நாட்களில் வான்களில் வந்து இறங்குவோரைக் காணலாம். சிலர் துஆ ஓதுகிறார்கள். சில வரிசைகள் தள்ளி, பூவும் ஊதுவத்தியும் கொண்டு வந்தவர்கள் நிற்பார்கள். எல்லோருமே முதலில் கையிலுள்ள தாளைப் பார்த்து, தம் உறவினரின் கபுறு எந்த வரிசையில் இருக்கிறது என்று தேடுகிறார்கள்.